கோழியில்லாத கூடு

துவாரகா, புது டெல்லி
7 ஜூலை 2024

அன்புள்ள இஸ்ரவேல் அண்ணனுக்கு,

தங்கை லூசி எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் ரூபியும் இவரும் சுகம். மதினியின் முட்டுவலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தடவுகிறார்களா, இல்லை அலமாரியில் அழகு பார்க்கிறார்களா?

போனை விட்டுப் பேனாவை எடுத்தது ஏன் என்று கேட்பீர்கள். போனில் நாம் பேசினால் முதலில் சுகம் விசாரிப்பு, அப்புறம் உங்கள் செருமல், அப்புறம் சண்டை. காகிதத்திலாவது நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது.

ரூபி விஷயம்தான். சின்ன வயதில் கண்ணைக் கண்ணைச் சிமிட்டினாள், கண் டாக்டரிடம் காட்டினோம். பிறகு மூக்கைச் சுருக்கினாள். தூசி அலர்ஜி என்றார்கள், டெல்லியில் தூசிக்கா பஞ்சம்? இப்போது ஒன்பதாம் வகுப்பு. கழுத்து ஒரு பக்கமாக வெட்டி இழுக்கிறது. கூடவே தொண்டையிலிருந்து ‘ஹுக்’ என்று ஒரு சத்தம். வேண்டுமென்று செய்கிறாள் என்று டீச்சர் வகுப்பிலிருந்து வெளியே அனுப்புகிறார்.

ஆலயத்தில் அமைதி ஜெபம் என்றால் நான் கண்ணை மூடுவதில்லை, ரூபியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குச் சத்தம் வரும்போதெல்லாம் இவர் சட்டென்று இருமி அதை மூடப் பார்க்கிறார். சபையில் இப்போது உங்கள் மாப்பிள்ளை கிளமெண்டுக்கு இருமல் மருந்து சொல்லாத ஆளே இல்லை. போன வாரம் ஒரு அம்மா, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீர்களா என்று என்னிடமே கேட்டார். நர்ஸான என் வீட்டிலேயே டி.பி. என்று பேச்சாகிவிட்டது.

ஒன்று மட்டும் ஆறுதல். பாடும்போது அவளுக்கு அது வருவதில்லை. கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் தனிப்பாட்டுக்கு ரூபியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கெட்ட பேர், சிநேகிதிகள் ஒவ்வொருத்தியாக விலகிவிட்டார்கள். அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை நிற்கிறாள்.

அடுத்த மாதம் நரம்பு டாக்டரைப் பார்க்கிறோம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று விசாரித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். இவர் பக்கத்தில் யாரும் இல்லை. நம் பக்கத்தில்? நான் கடைக்குட்டி, எனக்கு விவரம் தெரியும்போது பாதிப் பேர் போட்டோவில்தான் இருந்தார்கள். உங்களுக்குத்தான் தெரியும், எழுதுங்கள்.

அன்புத் தங்கை
லூசி


கிருபாபுரம்
24 ஜூலை 2024

பிரியமுள்ள லூசிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம் கூறி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நானும் உன் மதினியும் நலம். தைலம் அலமாரியில்தான் இருக்கிறது.

ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே ஆலயத்துக் கூரையில் ஓடுகள் நகர்ந்துவிட்டன. சபைச் செயலாளர் என்று பேர் வைத்துக்கொண்டதற்குத் தண்டனையாக நான்தான் கொத்தனார் பின்னால் அலைகிறேன். கணக்கு வாத்தியாராக இருந்தபோது ரிட்டயர் ஆனால் ஓய்வு என்று நினைத்தேன். மனக்கணக்கு தப்பிவிட்டது.

ரூபியைப் பற்றி நீ அதிகம் கவலைப்படுகிறாய். டெல்லித் தண்ணீர், ராப்பகலாய் மொபைல், ஒற்றைப் பிள்ளை என்று நீங்கள் கொடுக்கிற செல்லம். இது கெட்ட பழக்கம் அல்லாமல் வேறில்லை. அடக்கினால் அடங்கும். டாக்டர் மருந்து என்று பிள்ளையை மயங்க வைத்துவிடாதே.

சித்தரத்தை கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். சத்தம் வரும்போல இருந்தால் ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளச் சொல். உறைப்பில் தொண்டை அடங்கிவிடும். அனுபவத்தில் சொல்கிறேன்.

பிள்ளைக்காக நானும் ஜெபிக்கிறேன். தனியாக ஜெபிப்பதைவிடச் சபையாக ஜெபித்தால் வல்லமை அதிகம். அதற்கும் ஒரு யோசனை இருக்கிறது.

கிளமெண்ட் மாப்பிள்ளைக்கு என் அன்பு. இருமலுக்கும் சித்தரத்தை நல்லது.

உன் அண்ணன்
இஸ்ரவேல்


துவாரகா
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

லூசி வணக்கம். சித்தரத்தை வந்தது. ரூபி ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு வீடு முழுக்க ஓடினாள். உறைப்பில் கழுத்தை மறந்தாளோ என்னவோ, என்னை மறக்கவில்லை, அரை மணி நேரம் திட்டினாள்.

டாக்டர் பார்த்துவிட்டார். வலிப்பு இல்லை, பேயில்லை, பிடிவாதமும் இல்லை. ‘டிக்’ என்று சொல்கிறார்கள், பல பிள்ளைகளுக்கு வருவதாம். மேதா என்று ஒரு மனநல நிபுணரிடம் அனுப்பினார். சின்னப் பெண், டெல்லி கிட்வாய் நகரில் வளர்ந்தவள், ஹிந்தியில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிறாள். அவள் ரூபிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மூளையின் உள்ளே ஒரு வாசல் இருக்கிறதாம். தேவையான அசைவை வெளியே விடும், தேவையில்லாததை நிறுத்திவைக்கும். எங்கள் குடியிருப்புச் சொசைட்டி கேட்டில் காவலுக்கு நிற்கிற கார்டு பையா கண்ணசந்தால் கண்ட ஆட்டோவும் உள்ளே வந்துவிடுகிறதே, அப்படித்தான் ரூபிக்கு. குற்றம் அவளுடையது இல்லை, காவல் கொஞ்சம் தளர்ச்சி. வளர வளரப் பலருக்குத் தானே குறைந்துவிடுமாம்.

மருந்து இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். பயிற்சி இருக்கிறது. அசைவு வருவதற்கு முன்னால் உள்ளே ஒரு உறுத்தல் வருமாம், தும்மலுக்கு முன்னால் வருகிற மாதிரி. அதைக் கண்டுபிடித்து, அந்த நேரத்தில் வேறொன்றைச் செய்து அதைக் கடந்துபோக விட வேண்டும். இந்தப் பயிற்சி பல பேருக்கு மருந்து அளவுக்கே உதவுகிறது என்று ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். எல்லாருக்கும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அதனால்தான் அவளை எனக்குப் பிடித்தது.

நமக்கும் ஒரு பாடம் கொடுத்திருக்கிறாள். வீட்டில் யாரும் அதைக் கவனிக்கக் கூடாது. நிறுத்து என்று சொல்லக் கூடாது, பாவமே என்று பார்க்கவும் கூடாது. பேச்செடுத்தால் அதிகமாகுமாம். இவரை இருமவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மனுஷன் இப்போது வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது.

நான் கேட்டதற்கு நீங்கள் பதிலே எழுதவில்லை. இது பெரும்பாலும் குடும்பவழியாக வருவது என்று மேதா திரும்பவும் கேட்டாள். ரூபியும் கேட்கிறாள், “மம்மி, சிர்ஃப் மேரே கோ ஹி க்யோங்?” என்று. எனக்கு மட்டும் ஏன் என்கிறாள். அதற்காகவாவது எழுதுங்கள்.

அன்புடன்
லூசி


கிருபாபுரம்
16 செப்டம்பர் 2024

பிரியமுள்ள லூசிக்கு,

ஆண்டவர் உங்களைக் காப்பாராக. சந்தோஷமான செய்தியோடு எழுதுகிறேன்.

நேற்று நம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. அசன விருந்துக்குச் சோறு வடித்த இடத்தில் கால் வைக்க இடமில்லை. வெளியூரில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக இந்த வருஷம் ஆராதனையை யூடியூபில் நேரலையாகவும் காட்டினோம். ஜெபக் குறிப்புகளை வழக்கம்போல நான்தான் வாசித்தேன். ரூபியின் பேரையும் சேர்த்துக்கொண்டேன். டெல்லி துவாரகாவில் இருக்கும் எங்கள் மகள் ரூபிக்குக் கழுத்து வெட்டும் வியாதியும் தொண்டைச் சத்தமும் நீங்கும்படி ஜெபிப்போம் என்று தெளிவாகச் சொன்னேன். சபை முழுவதும் எழுந்து நின்று சத்தமாக ஜெபித்தது. பலர் அழுதார்கள். பதிவு இருக்கிறது, பிள்ளைக்கும் காட்டு.

நீ கேட்டாயே, நம் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை. அப்பா இருந்தால் இந்தக் கேள்விக்கே வருத்தப்பட்டிருப்பார்.

இப்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எழுது.

அண்ணன்
இஸ்ரவேல்


கிருபாபுரம்
28 அக்டோபர் 2024

பிரியமுள்ள லூசிக்கு,

நலமா? கடிதம் போட்டு வெகு நாளாகிவிட்டது. தபாலில் தவறியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்து நீ டியூட்டியில் இருப்பதாகச் சொன்னார். அதற்கடுத்த வாரம் செய்தபோதும் டியூட்டியில் இருந்தாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் டியூட்டிதான். உங்கள் ஆஸ்பத்திரியில் வேறு நர்ஸே கிடையாதா?

இங்கே மழை பிடித்துவிட்டது. ஓடு மாற்றிய இடத்திலேயே ஒழுகுகிறது. உன் மதினி தைலத்தைத் திறந்துவிட்டாள்.

நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா? திட்டுவதாக இருந்தாலும் எழுது.

அண்ணன்
இஸ்ரவேல்


துவாரகா
17 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

லூசி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். முழுசாக ஆறவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

நம் ஊர்க்காரர்கள் இந்த டெல்லி சபையில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாதா? அவர்கள் எல்லாரும் அந்த நேரலையைப் பார்த்தார்கள். அந்தத் துண்டை மட்டும் வெட்டி யாரோ வாட்ஸப் குழுவில் போட்டார்கள், ஜெபிக்கத்தான், நல்ல எண்ணத்தில்தான். அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் ரூபியைச் சுற்றிப் பெண்கள் நின்றுகொண்டார்கள். தலையில் கை வைத்து ஒருத்தர் ஜெபிக்கிறார், தூக்கத்திலும் வருமா என்று ஒருத்தர் கேட்கிறார், இன்னொருத்தர் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு இப்போது வருகிறதா என்று காத்திருக்கிறார். வராமல் என்ன செய்யும்? பிள்ளைக்கு மழை மாதிரி வந்தது. பாடகர் குழுப் பிள்ளைகள் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றோடு பாட்டை விட்டுவிட்டாள். தனிப்பாட்டை வேறு பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டாள். மேதா சொல்லிக் கொடுத்ததையும் செய்வதில்லை. நீங்கள் ஜெபித்தது தப்பு என்று நான் சொல்லவில்லை அண்ணே. பேரைச் சொன்னதுதான் தப்பு. கவனிக்காதீர்கள் என்று எங்களிடம் சொன்னார்கள், நீங்கள் ஊரையே கவனிக்க வைத்துவிட்டீர்கள்.

இன்னொன்று. சாயங்காலம் வீட்டில் குடும்ப ஜெபம் ஆரம்பித்தால் ரூபி எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறாள். வாஷிங் மெஷினுக்கும் காலி சிலிண்டருக்கும் நடுவில், நாங்கள் ஆமென் சொல்லும்வரை நிற்கிறாள். என் சத்தம் ஜெபத்தைக் கெடுக்கிறது என்கிறாள். யாரும் அவளை அனுப்பவில்லை, அவளே போகிறாள்.

நேற்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ஞாபகம் வந்தது. நம் வீட்டில் ஜெப நேரத்தில் நீங்களும் வெளியேதான் நிற்பீர்கள். கோழிக்கூட்டை அடைத்துவிட்டு வா என்று அப்பா உங்களை அனுப்புவார். நான் அம்மா மடியில் இருந்துகொண்டு, அண்ணனுக்கு மட்டும் முழங்கால் போடாமல் தப்பிக்கக் கொடுத்துவைத்திருக்கிறது என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். கூட்டை அடைக்க எவ்வளவு நேரம் ஆகும் அண்ணே? நீங்கள் ஏன் ஆமென் சொல்லும்வரை வரவேயில்லை?

லூசி


கிருபாபுரம்
25 நவம்பர் 2024

அன்பான மகள் ரூபிக்கு,

மாமா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். இதை அம்மா படித்துக் காட்ட வேண்டாம், நீயே படி. அதற்காகப் பெரிய எழுத்தாக, சின்னச் சின்ன வார்த்தையாக எழுதுகிறேன்.

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். உன் பேரை உன்னைக் கேட்காமல் மைக்கில் சொன்னேன். இனி யார் பேரையும் கேட்காமல் சொல்ல மாட்டேன்.

சின்ன வயதில் ஜெப நேரத்தில் நான் ஏன் வெளியே கோழிக்கூட்டுப் பக்கம் நின்றேன் என்று உன் அம்மா ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அதற்குப் பதிலை உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் பதில் உனக்குத்தான் வேண்டும். அந்த நாளில் எங்கள் வீட்டில் கோழியே கிடையாது. ஒரு கிறிஸ்துமஸுக்குக் குழம்பு வைத்ததோடு கோழிகள் தீர்ந்துவிட்டன. கூடு காலியாகத்தான் கிடந்தது. தினமும் சாயங்காலம் நான் அந்தக் காலிக் கூட்டின் பக்கத்தில் போய் நிற்பேன். ஏனென்றால் ஜெபம் நடக்கும்போது எனக்குத் தொண்டையில் ‘க்ஹும்’ என்று சத்தம் வரும். அடக்க அடக்க வரும். உன் தாத்தா சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியாராக இருந்தார். மகன் ஜெபத்தைக் கேலி செய்கிறான் என்று நினைத்தார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

அந்தச் சத்தம் இன்றைக்கும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்குச் செருமல் சார் என்று பேர் வைத்திருந்தார்கள். போர்டில் கணக்கு எழுதும்போது முதுகுக்குப் பின்னால் அந்தப் பேர் கேட்கும். குருவானவர் படிப்புக்கு என்னை அனுப்புவதாகச் சொன்னார்கள், எனக்கு அழைப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன். அழைப்பு இருந்தது ரூபி. ஆராதனையில் எல்லாரும் மௌனமாக நிற்கும் நேரம் ஒன்று வருமே, அதற்குப் பயந்துதான் போகவில்லை. இதைக் கெட்ட பழக்கம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உன்னையும் அடக்கச் சொன்னேன்.

உனக்குப் பாடும்போது வராதாமே. எனக்கு அறிக்கை வாசிக்கும்போது வராது. சபைச் செயலாளர் வேலையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதன் ரகசியம் அதுதான்.

சத்தம் வருவதற்கு முன்னால் எனக்குத் தொண்டையில் ஒரு எறும்பு நடக்கிற மாதிரி இருக்கும். இதை உன் அத்தையிடம்கூட நான் சொன்னதில்லை. உனக்கு எப்படி இருக்கும்? அது போவதற்கு அந்த மேதா டாக்டர் என்ன செய்யச் சொன்னார்கள்? தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

உன் மாமா
இஸ்ரவேல்


துவாரகா
3 டிசம்பர் 2024

அன்புள்ள மாமா,

ஸ்தோத்திரம். நீர் சுகமா? அத்தை சுகமா? நான் சுகம்.

உமது கடிதம் நானே படித்தேன். கொஞ்சம் வார்த்தை மட்டும் மம்மியிடம் கேட்டேன். ‘உபதேசியார்’ ரொம்ப கஷ்டம். கோழி இடத்தில் எனக்கு அழுகை வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. மம்மி கிச்சனில் அழுதாள். வெங்காயம் என்று சொன்னாள். வெங்காயம் இல்லை.

எனக்கு எறும்பு இல்லை. ஸ்கூல் சட்டையில் மேல் பட்டன் டைட்டாக இருக்கிற மாதிரி. பட்டன் போடாத நாளிலும்.

நீர் இப்படிச் செய்யும். எறும்பு வந்தவுடன் வாயை மூடும். மூக்கால் மெதுவாக மூச்சை இழும். மெதுவாக விடும். எறும்பு போகிற வரைக்கும் அதே மாதிரி. எறும்போடு சண்டை போடாதேயும். முதலில் போகாது. ஜல்தி வேண்டாம். தினமும் பிராக்டீஸ் செய்யும். சத்தம் வந்துவிட்டால் பரவாயில்லை, மேதா மேம் அப்படித்தான் சொல்கிறார். நானும் நேற்று மறுபடியும் ஆரம்பித்தேன்.

சித்தரத்தை போடாதேயும். அது சீட்டிங்.

கீத ஆராதனை 22ஆம் தேதி. என் பாட்டை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று பாட்டு மாஸ்டர் சொன்னார். நீர் வாரும். முதல் வரிசையில் உட்காரும். அமைதி ஜெபத்தில் உமக்கும் வரும், எனக்கும் வரும். அப்போது நான் ஒருத்தி மட்டும் இல்லை. நீர் வந்தால் பாடுவேன். வராவிட்டால் பாட மாட்டேன். இது பிளாக்மெயில் இல்லை. அச்சா, கொஞ்சம் பிளாக்மெயில்தான்.

உமது
ரூபி


துவாரகா
4 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

லூசி வணக்கம். ரூபியின் கடிதத்தோடு இதையும் வைக்கிறேன். அவள் உங்களை நீர், உமது என்கிறாள் என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதீர்கள். பாட்டுப் புத்தகத்தில் படித்த தமிழ், ஆண்டவரிடம் பேசுகிற மாதிரிதான் ஆட்டோக்காரரிடமும் பேசுவாள்.

டிக்கெட் போட்டுவிட்டு எழுதுங்கள். டெல்லிக் குளிரை விளையாட்டாக நினைக்காதீர்கள், ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் இல்லாமல் ரயில் ஏறினால் நான் ஸ்டேஷனுக்கே வர மாட்டேன். மேதாவின் ஆஸ்பத்திரியில் குடும்பங்களை வைத்து ஒரு ஆராய்ச்சி நடக்கிறதாம். உங்களுக்குச் சம்மதம் என்றால் மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம் உமிழ்நீர் எடுத்துக்கொள்வார்கள். சம்மதம் இல்லையென்றாலும் ஒன்றுமில்லை.

மதினி சுடுகிற முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டுவாருங்கள்.  எத்தனை சாயங்காலம் நீங்கள் அங்கே தனியாக நின்றீர்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறேன் அண்ணே. வந்துவிடுங்கள்.

லூசி


கிருபாபுரம்
6 ஜனவரி 2025

என் பிரியமுள்ள லூசிக்கு,

புது வருஷ ஆசீர்வாதங்கள். சுகமாக வந்து சேர்ந்தேன். குல்லாவை மதுரை தாண்டியும் கழற்றவில்லை என்று உன் மதினி கேலி செய்கிறாள். காது இன்னும் டெல்லியில்தான் இருக்கிறது.

ரூபி பாடியதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, நீ பக்கத்தில் இருந்து பார்த்தாய். பாட்டு முடிந்து அமைதி ஜெபம் வந்தபோது என் வாயில் சித்தரத்தை இல்லை. எறும்பு வந்தது. வாயை மூடி மூக்கால் மூச்சை இழுத்தேன். ஒன்று போயிற்று. இரண்டாவது போகவில்லை, ஆலயம் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்துவிட்டது. உடனே பாடகர் வரிசையிலிருந்து ஒரு ‘ஹுக்’. நீ உதட்டைக் கடித்துக்கொண்டாய். மாப்பிள்ளை பழக்க தோஷத்தில் இருமிவிட்டார். பின்னால் ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார், ரூபி அவருக்குக் கை காட்டினாள், அவரும் கை காட்டினார். குருவானவர் ஆமென் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. இதற்குப் பயந்து நான் ஒரு ஆயுசையே வேறு பக்கம் திருப்பிவிட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் குப்பியில் துப்பச் சொன்னார்கள். என் தொண்டையிலிருந்து வந்த ஒன்றை ஒருத்தர் பத்திரமாக மூடி, பேர் எழுதி எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. என்னையும் பயிற்சிக்கு வரச் சொன்னாள் மேதா. ஊரிலிருந்தே வீடியோவில் செய்யலாமாம். இந்த வயதிலுமா என்று கேட்டேன். வயது தடையில்லை, பழகப் பழகத்தான் என்றாள். வியாழக்கிழமை முதல் வகுப்பு. வாத்தியாருக்கே வகுப்பு.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நான் வந்து இறங்கிய அன்று சாயங்காலம் நீ டியூட்டியில் இருந்தாய், நிஜமான டியூட்டிதான். மாப்பிள்ளை பாட்டுப் புத்தகத்தை எடுத்ததும் ரூபி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னால் உட்கார முடியவில்லை. நானும் எழுந்து பின்னால் போனேன். வாஷிங் மெஷினுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒருத்தர் நிற்கத்தான் இடம். நெருக்கிக்கொண்டு நின்றேன்.

“எங்கட்டி, கோழி ஒண்ணையும் காணோம்?” என்று கேட்டேன்.

சிரித்துவிட்டாள். எனக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. உள்ளே போவோமா என்றேன். சத்தம் வருமே மாமா என்றாள்.

“வரட்டும்ட்டி. ரெண்டு பேருக்கும் வரட்டும். வெளிய நின்னா மட்டும் ஆண்டவருக்குக் கேக்காதா?”

அவள் யோசித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் மாப்பிள்ளை கையில் பாட்டுப் புத்தகத்தோடும் தோளில் உன் கம்பளியோடும் அங்கேயே வந்துவிட்டார். கம்பளியை எங்கள் இருவர் மேலும் போட்டார். சிலிண்டரை நகர்த்தி அதன் மேல் உட்கார்ந்தார்.  ரூபிதான் பாட்டை எடுத்துக் கொடுத்தாள். பல வாரம் கழித்து அவள் பாடியது முதலில் அங்கேதான், கீத ஆராதனையில் இல்லை. மறுநாளிலிருந்து அவள் உள்ளேயே உட்கார்ந்ததைத்தான் நீ பார்த்தாய்.

நேற்று இங்கே ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது உன் மதினி ஒரு கேள்வி கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், ஜெபத்துக்கு மட்டும் ஏன் எப்போதும் வாசலை ஒட்டியே உட்காருகிறீர்கள் என்று. நான் அப்படி உட்காருகிறேன் என்றே எனக்குத் தெரியாது லூசி. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, அந்தச் சத்தம் கேட்டால்தான் நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தைரியம் என்றாள்.

எழுந்து நாற்காலியை உள்ளே நகர்த்தி, அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

உன் அண்ணன்
இஸ்ரவேல்